புகையிலை ஆவணங்களும் நிறுவனப் பொறுப்பும்

சிகரெட் புகைப்பதால் நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்பதை 1950களிலேயே மருத்துவ ஆய்வுகள் காட்டிவிட்டன. ஆனால் சிகரெட்டைத் தயாரித்து விற்ற பன்னாட்டு நிறுவனங்கள் அதற்குப் பொறுப்பேற்க வேண்டிய நிலை 1990களின் இறுதியில்தான் உருவானது. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் நோயின் பழியும் செலவும் புகைப்பவர் மீதும் அவரது குடும்பத்தின் மீதும் அரசு மருத்துவமனைகள் மீதும் விழுந்தன. இந்த நிலையை மாற்றியதில் நிறுவனங்களின் சொந்தக் கோப்புகளில் இருந்த கடிதங்கள், குறிப்புகள், ஆய்வு அறிக்கைகள் ஆகியவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. அவை வெளிவந்த விதத்தையும், பொதுச் சுகாதார இயக்கங்கள் அவற்றைப் பயன்படுத்திய விதத்தையும், அதனால் கிடைத்த பலன்களையும் கிடைக்காமல் போனவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தொடக்கக்கால ஆய்வுகள்

1950ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் ரிச்சர்டு டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் ஆகியோரும், அமெரிக்காவில் எர்ன்ஸ்ட் வைண்டர், எவார்ட்ஸ் கிரஹாம் ஆகியோரும் தனித்தனியே ஆய்வு முடிவுகளை வெளியிட்டனர். நுரையீரல் புற்றுநோயாளிகளின் புகைக்கும் பழக்கத்தை மற்ற நோயாளிகளின் பழக்கத்தோடு ஒப்பிட்ட இந்த ஆய்வுகள், இரண்டுக்கும் வலுவான தொடர்பு இருப்பதைக் காட்டின. 1962இல் லண்டனில் உள்ள ராயல் மருத்துவர் கல்லூரியும், 1964 ஜனவரியில் அமெரிக்கத் தலைமை அறுவை மருத்துவர் லூதர் டெர்ரியும் வெளியிட்ட அறிக்கைகள் இந்த முடிவை அதிகாரப்பூர்வமாக உறுதிசெய்தன.

நிறுவனங்களின் எதிர்வினை இதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1953 டிசம்பரில் அமெரிக்காவின் முன்னணி புகையிலை நிறுவனங்களின் தலைவர்கள் நியூயார்க் நகரின் பிளாசா விடுதியில் கூடினர். ஹில் அண்டு நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம் அவர்களுக்கு ஆலோசனை வழங்கியது. 1954 ஜனவரி 4 அன்று அமெரிக்கா முழுவதும் 400க்கும் மேற்பட்ட நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் ஒன்று வெளிவந்தது. மக்களின் உடல்நலமே தங்களின் முதன்மையான பொறுப்பு என்றும், உண்மையைக் கண்டறியும் ஆய்வுகளுக்குத் தாங்களே நிதி அளிக்கப்போவதாகவும் நிறுவனங்கள் அதில் உறுதியளித்தன. இதற்காகப் புகையிலைத் தொழில் ஆய்வுக் குழு என்ற அமைப்பும் ஏற்படுத்தப்பட்டது.

பொறுப்பு பற்றிய பிற்கால வாதங்கள் அனைத்துக்கும் இந்த விளம்பரமே தொடக்கப்புள்ளியாக அமைந்தது. ஏனெனில் நிறுவனங்கள் தாமாகவே பொதுமக்களுக்கு ஒரு வாக்குறுதி அளித்திருந்தன. அது காப்பாற்றப்பட்டதா என்பதை நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு நீதிமன்றங்கள் ஆராய்ந்தன.

தோற்றுப்போன வழக்குகள்

1954 முதல் அமெரிக்காவில் புகைப்பவர்களும் அவர்களின் குடும்பத்தினரும் சிகரெட் நிறுவனங்கள் மீது நூற்றுக்கணக்கான வழக்குகளைத் தொடுத்தனர். 1990களின் நடுப்பகுதி வரை இவற்றில் எதிலும் நிறுவனங்கள் இழப்பீடு செலுத்தவில்லை. அவற்றின் வாதம் இரு பகுதிகளைக் கொண்டது. புகைப்பதால் நோய் வருகிறது என்பது இன்னும் நிரூபிக்கப்படவில்லை என்பது ஒன்று. அபாயம் இருப்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால், தெரிந்தே புகைத்தவர்தான் அதற்குப் பொறுப்பு என்பது மற்றொன்று. ஒன்றுக்கொன்று முரணான இந்த இரண்டு வாதங்களும் ஒரே நீதிமன்றத்தில் ஒருசேர முன்வைக்கப்பட்டன.

1966 முதல் அமெரிக்கச் சிகரெட் பெட்டிகளில் கட்டாயமாக்கப்பட்ட எச்சரிக்கை வாசகமும் ஒரு வகையில் நிறுவனங்களுக்கே உதவியது. எச்சரித்துவிட்டோம், வாங்கியவர் படித்திருக்க வேண்டும் என்று அவை வாதிட்டன.

இக்காலத்தின் புகழ்பெற்ற வழக்கு நியூஜெர்சியைச் சேர்ந்த ரோஸ் சிப்பொல்லோன் தொடுத்ததாகும். நுரையீரல் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட அவர் 1983இல் வழக்குத் தொடுத்து, அடுத்த ஆண்டே இறந்தார். 1988இல் நடுவர் குழு அவரது கணவருக்கு 4 லட்சம் டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. எச்சரிக்கை வாசகம் இருந்தாலும் மோசடி தொடர்பான குற்றச்சாட்டுகளைத் தொடரலாம் என்று 1992இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. ஆனால் அதற்கு மேல் வழக்கை நடத்தும் செலவைத் தாங்க முடியாத நிலையில் வழக்கு கைவிடப்பட்டது. தனிமனிதர் ஒருவரால் இந்த நிறுவனங்களை நீதிமன்றத்தில் கடைசிவரை எதிர்த்து நிற்க முடியாது என்பதை இவ்வழக்கு காட்டியது. அதே வேளையில் நிறுவனங்களின் உள்ளகக் கோப்புகளில் பயனுள்ள சான்றுகள் இருக்கின்றன என்பதும் இவ்வழக்கின் மூலம் முதன்முறையாகத் தெரியவந்தது.

1994: கோப்புகள் வெளிவருதல்

1994 ஏப்ரல் 14 அன்று அமெரிக்காவின் ஏழு பெரிய புகையிலை நிறுவனங்களின் தலைமை நிர்வாகிகள் நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்றின் முன் நின்று வலக்கையை உயர்த்திச் சத்தியப் பிரமாணம் செய்தனர். குழுவின் தலைவர் ஹென்றி வாக்ஸ்மன். நிக்கோட்டின் அடிமைப்படுத்தும் தன்மை கொண்டதல்ல என்றே தாங்கள் நம்புவதாக ஏழு பேரும் ஒருவர் பின் ஒருவராகக் கூறினர். இக்காட்சி தொலைக்காட்சிகளில் ஒளிபரப்பானது.

அடுத்த மாதமே இந்தக் கூற்றுக்கு எதிரான சான்றுகள் வெளிவந்தன. பிரவுன் அண்டு வில்லியம்சன் நிறுவனத்துக்காகப் பணியாற்றிய சட்ட நிறுவனமொன்றில் கோப்புகளை வகைப்படுத்தும் ஊழியராக இருந்த மெரல் வில்லியம்ஸ், ஆயிரக்கணக்கான பக்கங்களை இரகசியமாகப் படியெடுத்து வைத்திருந்தார். 1994 மே மாதம் அந்த ஆவணங்களைப் பற்றிய செய்திகள் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வெளிவரத் தொடங்கின. அதே மாதம் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டாண்டன் கிளான்ட்ஸுக்கு ஒரு பெட்டி வந்தது. உள்ளே சுமார் 4,000 பக்க ஆவணங்கள் இருந்தன. அனுப்பியவர் பெயராக ஒரு செய்தித்தாள் சித்திரக்கதையில் வரும் சிகரெட் கதாபாத்திரத்தின் பெயர் எழுதப்பட்டிருந்தது.

அவற்றுள் 1963ஆம் ஆண்டின் குறிப்பு ஒன்றில், நிக்கோட்டின் அடிமைப்படுத்தும் பொருள் என்றும், அதை விற்பதே தமது தொழில் என்றும் நிறுவனத்தின் தலைமைச் சட்ட ஆலோசகர் எழுதியிருந்தார். லூதர் டெர்ரியின் அறிக்கை வெளிவருவதற்கு முன்பே எழுதப்பட்ட குறிப்பு அது. அதே நிறுவனத்தின் 1969ஆம் ஆண்டுக் குறிப்பு, பொதுமக்களின் மனத்தில் சந்தேகத்தை உண்டாக்குவதே தாம் தயாரிக்கும் பொருள் என்று விவரித்தது.

நிறுவனம் ஆவணங்களைத் திரும்பப் பெற நீதிமன்றத்தை நாடியது. கலிபோர்னிய நீதிமன்றங்கள் அதை ஏற்கவில்லை. 1995 ஜூலை 1 அன்று பல்கலைக்கழக நூலகம் ஆவணங்களை இணையத்தில் வெளியிட்டது. அதே நிறுவனத்தின் முன்னாள் ஆராய்ச்சித் துணைத் தலைவர் ஜெஃப்ரி வைகண்ட், 1996 பிப்ரவரியில் ஒளிபரப்பான தொலைக்காட்சி நேர்காணலில் தான் உள்ளே கண்டவற்றை விவரித்தார்.

மாநிலங்கள் தொடுத்த வழக்குகள்

1994 மே மாதம் மிசிசிப்பி மாநிலத் தலைமை வழக்கறிஞர் மைக் மூர் புதிய வகை வழக்கொன்றைத் தொடுத்தார். இதில் வாதி புகைப்பவர் அல்லர், மாநில அரசு. ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்காக அரசு செலவழித்த வரிப்பணத்தை நிறுவனங்களே திருப்பித் தர வேண்டும் என்பது கோரிக்கை. மாநில அரசு ஒரு சிகரெட்டையும் புகைக்கவில்லை. எனவே தெரிந்தே புகைத்தவர்தான் பொறுப்பு என்ற நிறுவனங்களின் பழைய வாதம் இங்கே எடுபடவில்லை.

மின்னசோட்டா மாநிலம் இன்னொரு படி மேலே சென்றது. 1994 ஆகஸ்டில் தலைமை வழக்கறிஞர் ஹூபர்ட் ஹம்ஃப்ரி, புளூ கிராஸ் புளூ ஷீல்டு என்ற மருத்துவக் காப்பீட்டு அமைப்புடன் இணைந்து தொடுத்த வழக்கில், ஆவணங்களை வெளிக்கொணர்வதே முதன்மையான குறிக்கோளாகக் கொள்ளப்பட்டது. வழக்கறிஞர்களுடனான கடிதப் போக்குவரத்து இரகசியமானது என்ற சட்டப் பாதுகாப்பின்கீழ் நிறுவனங்கள் அறிவியல் ஆய்வுகளையும் மறைத்து வைத்திருந்தன. மோசடியை மறைக்க அந்தப் பாதுகாப்பைப் பயன்படுத்த முடியாது என்று நீதிமன்றம் கூறியது. இதையடுத்து சுமார் 39,000 ஆவணங்கள் ஒப்படைக்கப்பட்டன.

1998 மே 8 அன்று, நடுவர் குழு முடிவெடுக்கும் தறுவாயில், நிறுவனங்கள் சமரசத்துக்கு வந்தன. மாநிலத்துக்கு 610 கோடி டாலர் வழங்க ஒப்புக்கொண்டன. மினியாபோலிசிலும் இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டிலும் இருந்த ஆவணக் காப்பகங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடவும் உடன்பட்டன. மினியாபோலிஸ் காப்பகத்தில் மட்டும் 2.5 கோடிக்கும் மேற்பட்ட பக்கங்கள் இருந்தன.

பணமா, பொறுப்பா?

இக்காலத்தில் பொதுச் சுகாதார இயக்கத்துக்குள்ளேயே கடுமையான கருத்து வேறுபாடு எழுந்தது. 1997 ஜூனில் நிறுவனங்களும் மாநிலத் தலைமை வழக்கறிஞர்களும் ஓர் ஒட்டுமொத்த உடன்பாட்டை முன்வைத்தனர். அதன்படி நிறுவனங்கள் 25 ஆண்டுகளில் 36,850 கோடி டாலர் செலுத்தும். விளம்பரக் கட்டுப்பாடுகளையும் ஏற்கும். அதற்கு ஈடாக, எதிர்கால வழக்குகளிலிருந்து அவற்றுக்குப் பெருமளவு பாதுகாப்பு கிடைக்கும்.

இளைஞர்களைக் காக்க இந்த வாய்ப்பைத் தவறவிடக் கூடாது என்றனர் ஒரு சாரார். முன்னாள் தலைமை அறுவை மருத்துவர் எவரெட் கூப், உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் முன்னாள் தலைவர் டேவிட் கெஸ்லர் ஆகியோர் தலைமையிலான குழு, வழக்குகளிலிருந்து பாதுகாப்பு அளிப்பதை எதிர்த்தது. உடன்பாட்டுக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவைப்பட்டது. அதற்கான சட்ட முன்வரைவு 1998 ஜூனில் மேலவையில் தோற்றது.

இதன்பின் 1998 நவம்பர் 23 அன்று 46 மாநிலங்களுடன் முதன்மைச் சமரச உடன்பாடு கையெழுத்தானது. மிசிசிப்பி, புளோரிடா, டெக்சஸ், மின்னசோட்டா ஆகிய நான்கும் முன்பே தனித்தனி உடன்பாடுகளைச் செய்திருந்தன. 46 மாநிலங்களுக்கும் 25 ஆண்டுகளில் சுமார் 20,600 கோடி டாலர் வழங்க வேண்டும் என முடிவானது. சிறுவர்களைக் குறிவைக்கும் விளம்பரங்களும் கார்ட்டூன் பாத்திரங்களைப் பயன்படுத்துவதும் தடைசெய்யப்பட்டன. 1954இல் தொடங்கிய ஆய்வுக் குழுவின் வழிவந்த அமைப்பு கலைக்கப்பட்டது. தனிநபர்கள் வழக்குத் தொடுக்கும் உரிமை பறிக்கப்படவில்லை.

இந்த உடன்பாட்டின் குறைகளும் விரைவில் வெளிப்பட்டன. நிறுவனங்கள் சிகரெட்டின் விலையை உயர்த்தி, செலவைப் புகைப்பவர்கள் மீதே சுமத்தின. விலை உயர்வால் விற்பனை குறைந்தது நன்மைதான். ஆனால் கிடைத்த பணத்தைப் பெரும்பாலான மாநிலங்கள் பிற செலவுகளுக்குத் திருப்பிவிட்டன. புகையிலைத் தடுப்புத் திட்டங்களுக்குச் சென்றது சிறு பங்கே.

நீதிபதி கெஸ்லரின் தீர்ப்பு

1999இல் அமெரிக்க மைய அரசின் நீதித்துறை, திட்டமிட்ட குற்றக் கும்பல்களை ஒடுக்குவதற்காக இயற்றப்பட்ட ரிக்கோ சட்டத்தின்கீழ் புகையிலை நிறுவனங்கள் மீது உரிமையியல் வழக்குத் தொடுத்தது. 2006 ஆகஸ்ட் 17 அன்று நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் 1,600க்கும் மேற்பட்ட பக்கங்களில் தீர்ப்பளித்தார். புகைப்பதன் தீங்கு, நிக்கோட்டினின் அடிமைப்படுத்தும் தன்மை, 'லைட்' வகைச் சிகரெட்டுகள், இளைஞர்களைக் குறிவைத்த விளம்பரம் ஆகியவை குறித்து நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக மக்களை ஏமாற்றின என்று அவர் முடிவுசெய்தார். தீர்ப்பின் சான்றுகளில் பெரும்பகுதி நிறுவனங்களின் சொந்த ஆவணங்களே.

சட்டம் அனுமதிக்காததால் பெருந்தொகை எதையும் இத்தீர்ப்பால் விதிக்க முடியவில்லை. மாறாக, உண்மையைத் தாமே விளம்பரப்படுத்துமாறு நிறுவனங்களுக்கு ஆணையிடப்பட்டது. மேல்முறையீடுகளாலும் வாசகம் குறித்த சச்சரவுகளாலும் அந்த ஆணை நிறைவேறப் பதினொரு ஆண்டுகள் ஆயின. 2017 நவம்பரில் அந்த அறிவிப்புகள் நாளிதழ்களிலும் தொலைக்காட்சியிலும் வெளிவரத் தொடங்கின. 1954ஆம் ஆண்டு விளம்பரத்துக்கும் இந்த அறிவிப்புகளுக்கும் இடையே 63 ஆண்டுகள் கழிந்திருந்தன.

உலக உடன்படிக்கை

அமெரிக்காவில் நெருக்கடி கூடியபோது நிறுவனங்களின் கவனம் ஆசிய, ஆப்பிரிக்க, இலத்தீன் அமெரிக்கச் சந்தைகளின் மீது மேலும் திரும்பியது. ஒரு நாட்டின் சட்டம் அதன் எல்லையோடு நின்றுவிடும். பன்னாட்டு நிறுவனத்தின் வணிகமோ எல்லைகளைக் கடந்தது. எனவே உலக அளவிலான சட்டம் தேவை என்ற கருத்து வலுப்பெற்றது.

1998இல் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநரான குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட், வெளியான ஆவணங்களை ஆராய ஒரு வல்லுநர் குழுவை அமைத்தார். சுவிட்சர்லாந்தின் தாமஸ் செல்ட்னர் தலைமையிலான அக்குழு 2000ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டுப் பணியைக் குலைக்க நிறுவனங்கள் பல ஆண்டுகளாகத் திட்டமிட்டு முயன்றதை அது பதிவுசெய்தது. வெளிப்பார்வைக்குத் தொடர்பற்றவை போலத் தோன்றிய அமைப்புகளும் வல்லுநர்களும் இதற்குப் பயன்படுத்தப்பட்டதை அது சுட்டிக்காட்டியது.

உடன்படிக்கைப் பேச்சுவார்த்தைகளில் அரசு சாரா அமைப்புகள் பெரும் பங்காற்றின. அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த இன்ஃபாக்ட் அமைப்பு, பிலிப் மோரிஸின் துணை நிறுவனமான கிராஃப்ட்டின் உணவுப் பொருள்களைப் புறக்கணிக்குமாறு 1990களில் இயக்கம் நடத்தியது. பின்னர் பல நாடுகளின் குழுக்களுடன் சேர்ந்து, பன்னாட்டுப் புகையிலை நிறுவனங்களைப் பொறுப்பேற்கச் செய்வதற்கான கூட்டமைப்பை 1999இல் உருவாக்கியது.

புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான கட்டமைப்பு உடன்படிக்கை 2003 மே 21 அன்று ஏற்கப்பட்டு, 2005 பிப்ரவரி 27 அன்று நடைமுறைக்கு வந்தது. இன்று 180க்கும் மேற்பட்ட தரப்புகள் இதில் இணைந்துள்ளன. அமெரிக்கா 2004இல் கையெழுத்திட்டது, ஆனால் உறுதிப்படுத்தவில்லை. உடன்படிக்கையின் 5.3ஆம் பிரிவு, சுகாதாரக் கொள்கைகளைப் புகையிலைத் தொழிலின் நலன்களிலிருந்து பாதுகாக்க வேண்டும் என்கிறது. 19ஆம் பிரிவு நிறுவனங்களின் சட்டப் பொறுப்பையும் இழப்பீட்டையும் பற்றிப் பேசுகிறது.

அரசுகள் மீது நிறுவனங்கள் தொடுத்த வழக்குகள்

உடன்படிக்கையைச் செயல்படுத்திய அரசுகள் மீது நிறுவனங்கள் வழக்குத் தொடுக்கலாயின. சுமார் 34 லட்சம் மக்கள் வாழும் உருகுவே நாடு, சிகரெட் பெட்டியின் 80 விழுக்காட்டுப் பரப்பில் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்று விதித்தது. முதலீட்டு ஒப்பந்தம் மீறப்பட்டதாகக் கூறி 2010இல் பிலிப் மோரிஸ் அந்நாட்டின் மீது வழக்குத் தொடுத்தது. 2016 ஜூலையில் பன்னாட்டு நடுவர் தீர்ப்பாயம் உருகுவேக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்ததோடு, வழக்குச் செலவுக்காக 70 லட்சம் டாலர் வழங்கவும் நிறுவனத்துக்கு ஆணையிட்டது. வழக்கு முடியும் வேளையில் நாட்டின் அதிபராக இருந்த தபாரே வாஸ்கெஸ் ஒரு புற்றுநோய் மருத்துவர்.

ஆஸ்திரேலியா 2012 டிசம்பர் முதல் நிறுவனச் சின்னங்கள் ஏதுமற்ற ஒரே மாதிரியான பெட்டிகளைக் கட்டாயமாக்கியது. அந்நாட்டின் உயர் நீதிமன்றத்திலும், ஹாங்காங் முதலீட்டு ஒப்பந்தத்தின்கீழ் தொடுத்த நடுவர் வழக்கிலும் நிறுவனங்கள் தோற்றன.

இலங்கையிலும் இதே போராட்டம் நடந்தது. பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ குழுமத்தைச் சேர்ந்த சிலோன் டொபாக்கோ நிறுவனம், 80 விழுக்காடு பட எச்சரிக்கைக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த அளவைக் குறைத்தது. 2015இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி 80 விழுக்காட்டை மீண்டும் நிலைநாட்டியது. இந்தியாவில் 2016 ஏப்ரல் முதல் 85 விழுக்காடு எச்சரிக்கை நடைமுறைக்கு வந்தது. 2017 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த விதிகளை ரத்துசெய்தது. 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்புக்குத் தடை விதித்ததால் எச்சரிக்கைகள் தொடர்கின்றன.

இன்றைய நிலை

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் புகைப்பவர்கள் 1998இல் தொடங்கிய கூட்டு வழக்குகளில் 2015இல் 1,500 கோடி கனடிய டாலருக்கும் மேற்பட்ட இழப்பீடு வழங்கத் தீர்ப்பானது. 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. உடனே மூன்று நிறுவனங்களும் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புத் தரும் சட்டத்தின்கீழ் அடைக்கலம் கோரின. இறுதியாக, மாகாண அரசுகளின் கோரிக்கைகளையும் உள்ளடக்கிய 3,250 கோடி கனடிய டாலர் திட்டத்துக்கு 2025 மார்ச்சில் நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. வழக்குத் தொடங்கி 27 ஆண்டுகள் கடந்துவிட்டதால், வழக்கில் சேர்ந்த நோயாளிகளில் பலர் அந்தத் தீர்வைக் காண உயிரோடு இல்லை.

புகையிலையால் உலகில் இன்றும் ஆண்டுதோறும் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர். அவர்களில் பெரும்பாலோர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் வாழ்பவர்கள். ஆனால் பெரிய இழப்பீடுகள் அமெரிக்கா, கனடா போன்ற செல்வந்த நாடுகளிலேயே கிடைத்துள்ளன. நீண்ட வழக்கை நடத்தும் செலவையும் நிறுவனங்களின் கோப்புகளைக் கேட்டுப் பெறும் சட்ட வலிமையையும் எல்லா நாடுகளும் பெற்றிருக்கவில்லை என்பது இதற்கான காரணங்களில் ஒன்று.

அந்தக் கோப்புகள் மட்டும் இப்போது எல்லோருக்கும் கிடைக்கின்றன. கிளான்ட்ஸுக்கு வந்த ஒரு பெட்டியில் தொடங்கிய சேகரிப்பு, அதே பல்கலைக்கழகத்தின் இணைய நூலகத்தில் 1.4 கோடிக்கும் மேற்பட்ட ஆவணங்களாக வளர்ந்துள்ளது. எந்த நாட்டைச் சேர்ந்த மாணவரும் செய்தியாளரும் அரசு அதிகாரியும் கட்டணமின்றி அதில் தேடலாம். தம் நாட்டைப் பற்றி நிறுவனங்கள் என்ன எழுதிவைத்திருந்தன என்பதையும் அதில் படித்தறியலாம்.